டைடோ பேச மறுத்த ஊர்

லத்தீன் இலக்கியத்தின் புராண நாயகிகளைப் படிக்க நேப்பிள்ஸ் பொருத்தமான ஊர். அவர்கள் கதையை யார் சொல்வது என்ற வழக்கு மட்டும் 2,000 ஆண்டுகளாகத் தீரவில்லை.

கப்பல் போய்விடுகிறது. கரையில் ஒரு பெண் மிச்சமாகிறாள். நேப்பிள்ஸ் நகரின் கதையே இப்படித்தான் தொடங்குகிறது. பாடி மயக்கும் கடல் கன்னியரில் ஒருத்தி பார்த்தெனோப்பி. பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு யுலிஸஸ் அவள் பாட்டைத் தாண்டிப் போய்விட்டான். தோற்றுப்போன அவள் கடலில் விழுந்து செத்தாள். உடல் ஒதுங்கிய கரையில் எழுந்த ஊருக்கு அவள் பெயரே வந்தது. பக்கத்தில் 'புது நகரம்' என்ற பொருளில் நியாபொலிஸ் பிறகு வந்தது. அதுதான் இன்றைய நேப்பிள்ஸ். இருந்தாலும் பழைய பெயர் போகவில்லை. இத்தாலியப் பத்திரிகைகளின் கால்பந்துப் பக்கங்களில் நேப்பிள்ஸ் அணிக்கு இன்றும் 'பார்த்தெனோப்பியர்' என்றுதான் பெயர்.

கைவிடப்பட்ட பெண்களைப் பற்றிய பாடத்தை இப்படிப்பட்ட ஊரில் படிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. கார்த்தேஜ் அரசி டைடோ, நக்ஸோஸ் தீவில் தனியாக விழித்த அரியாட்னி, பிள்ளைகளைக் கொன்ற மெடியா, கணவனின் மகன்மேல் ஆசை வைத்த ஃபீட்ரா எல்லோரும் கிரேக்கக் கதைகள் வழியாக லத்தீனுக்கு வந்தவர்கள். லத்தீன் கவிஞர்கள் கையில் புது உயிர் பெற்றவர்கள். ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் இவர்கள் இன்றும் பாடம். ஆனால் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, மெட்ரோ ரயிலில் ஏறி, அவர்களை நேரில் பார்த்துவிட்டு வரக்கூடிய ஊர்கள் அதிகம் இல்லை.

கத்தியோடு ஒருத்தி

பார்க்க வேண்டிய இடம் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை புதைத்த பாம்பெய், ஹெர்குலேனியம் ஆகிய ஊர்களின் வீட்டுச் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த ஓவியங்கள் இங்கேதான் இருக்கின்றன. சில அறைகளைச் சுற்றி வந்தால் லத்தீன் எம்.ஏ. பாடத்திட்டத்தில் பாதி முடிந்துவிடும்.

ஹெர்குலேனியத்திலிருந்து வந்த மெடியா தனியாக நிற்கிறாள். விரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, கைகளில் வாள். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. கொலை இன்னும் நடக்கவில்லை. நடக்குமா என்பது அவளுக்கே தெரியவில்லை. பாம்பெயிலிருந்து வந்த இன்னொரு ஓவியத்தில் அவள் பிள்ளைகள் இருவரும் ஓரமாகக் கழச்சிக் காய் போல எலும்புத் துண்டுகளை வைத்து விளையாடுகிறார்கள். திமோமாகஸ் என்ற கிரேக்க ஓவியர் தீட்டிய மெடியாவே இவற்றுக்கு மூலம் என்பது அறிஞர்கள் கருத்து. அந்த மூல ஓவியத்தை, அஜாக்ஸ் ஓவியம் ஒன்றோடு சேர்த்து, ஜூலியஸ் சீஸர் 80 தாலந்து கொடுத்து வாங்கி ரோமில் வீனஸ் கோவிலில் வைத்தார் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகளைக் கொல்லப்போகும் தாயின் படத்துக்குக் கோவிலிலேயே இடம் கிடைத்திருக்கிறது.

பக்கத்துச் சுவர்களில் மற்றவர்கள். தந்தையின் கண்ணெதிரே பலிக்குத் தூக்கிச் செல்லப்படும் இஃபிஜெனியா. அகிலஸின் கூடாரத்திலிருந்து வேறொருவனிடம் ஒப்படைக்கப்படும் பிரிஸெய்ஸ். ஈனியாஸின் கப்பல் போய்க்கொண்டிருக்க, உட்கார்ந்திருக்கும் டைடோ; அருகில் யானைத் தோலைத் தலையில் அணிந்த ஆப்பிரிக்கா. வர்ஜிலின் காவியம் வெளிவந்து நூறு ஆண்டுகூட ஆகாத காலத்தில் இவையெல்லாம் வீடுகளின் அறைகளிலும் முற்றங்களிலும் இருந்தவை.

கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. குதிரைப்படைக்காகக் கட்டத் தொடங்கியதை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்துக்காக மாற்றினார்கள். 'கல்வி மாளிகை' என்ற பழைய பெயர் அப்படி வந்தது. 1777-ல் பல்கலைக்கழகம் வேறிடம் போனது. புதைந்த ஊர்களிலிருந்து வந்த சிலைகளும் ஓவியங்களும் குடியேறின. மாணவர்கள் காலி செய்த வீட்டுக்கு நாயகிகள் வாடகைக்கு வந்ததுபோல.

மொழிபெயர், பிறகு பேசு

அருங்காட்சியகத்திலிருந்து மெட்ரோவில் நான்காவது நிறுத்தம் 'பல்கலைக்கழகம்'. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1224-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. போப்பாண்டவரின் ஆணையில்லாமல் ஓர் அரசன் தன் நிர்வாகத்துக்குப் படித்த ஆட்கள் வேண்டும் என்பதற்காக நிறுவியது. 2024-ல் 800 வயதைக் கொண்டாடியது. தாமஸ் அக்வினாஸ் இங்கே மாணவர். வரலாற்றுத் தத்துவத்தின் முன்னோடி விக்கோ 1699 முதல் இங்கே சொற்கலைப் பேராசிரியர். அதிகச் சம்பளம் தரும் சட்டத்துறைப் பதவிக்கு 1723-ல் போட்டியிட்டுத் தோற்றார். இலக்கியம் சொல்லிக்கொடுத்தால் காசு கிடைக்காது என்பது அங்கேயும் பழைய செய்திதான்.

இலக்கியத் துறை துறைமுகத்துக்கு அருகே, பழைய மடம் ஒன்றின் வளாகத்தில் இயங்குகிறது. இங்கே லத்தீன் படிக்க வருகிறவர்களில் பலர் 'கிளாஸிகல்' உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாண்டுகள் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர்கள். அந்தப் பள்ளிகளுக்கு இப்போது இறங்குமுகம். சமீப ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் இத்தாலிய மாணவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல்கலைக்கழகத்தின் இலக்கிய வகுப்புகளிலும் அப்படியே.

முதல் பட்டம் மூன்றாண்டு, 180 மதிப்பலகுகள். அடுத்தது இரண்டாண்டு, 120. லத்தீன் இலக்கியப் பாடத்தில் வரலாறு ஒரு பகுதி. இன்னொரு பகுதி, ஆசிரியர் அந்த ஆண்டுக்கென்று தேர்ந்தெடுத்த ஒரே நூலையோ பொருளையோ ஆழமாகத் தோண்டுவது. ஈனியட்டின் நான்காம் காண்டமாக இருக்கலாம். செனிகாவின் 'மெடியா' நாடகமாக இருக்கலாம். ஓவிட்டின் 'ஹெராய்டெஸ்' கடிதங்களாக இருக்கலாம்.

தேர்வு பெரும்பாலும் வாய்மொழிதான். மேஜைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர். இந்தப் பக்கம் மாணவி. பின் வரிசையில் அடுத்த முறைக்காகக் காத்திருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புத்தகத்தில் ஓரிடத்தைப் பிரித்துக் காட்டினால் முதலில் சந்தத்தோடு உரக்கப் படிக்க வேண்டும். தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. வர்ஜிலின் அடிக்கு ஆறு சீர். அசைகள் நீள்வதும் குறுகுவதும்தான் ஓசை. பிறகு மொழிபெயர்ப்பு. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்வி. 30-க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. கிடைத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் 'வேண்டாம்' என்று எழுந்து போய் அடுத்த முறை வரலாம். இந்திய மாணவர்கள் கேட்டால் பொறாமைப்படும் உரிமை.

ஒரு சொல்லின் விலை

ஈனியட்டின் நான்காம் காண்டத்தில் டைடோவின் கதை உச்சத்துக்கு வருகிறது. ட்ராய் எரிந்தபின் கடலில் அலைந்து வந்த ஈனியாஸுக்கு அவள் அடைக்கலம் கொடுத்தவள். கணவனை இழந்தவள், மறுமணம் இல்லை என்று உறுதியெடுத்தவள், தன் கையால் ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டிருப்பவள். வேட்டைக்குப் போன நாளில் புயல் வருகிறது. இருவரும் ஒரே குகையில் ஒதுங்குகிறார்கள். அவள் அதைத் திருமணம் என்கிறாள். அந்தப் பெயரைச் சொல்லித் தன் 'குல்பா'வை அவள் மறைத்தாள் என்கிறான் கவிஞன்.

'குல்பா'. தேர்வு மேஜையில் பலரைத் தடுக்கி விழவைக்கும் சொல். தமிழில் இதைக் 'குற்றம்' என்றால் நீதிமன்றம் வந்துவிடுகிறது. 'பாவம்' என்றால் சர்ச்சு வந்துவிடுகிறது. வர்ஜிலுக்கோ கிறிஸ்தவம் தெரியாது. 'பிழை' என்றால் கைதவறியதுபோல் இலேசாகிவிடுகிறது. 'பழி' என்றால் ஊர் வாய். எந்தச் சொல்லைப் போட்டாலும் மொழிபெயர்ப்பவர் தீர்ப்பு எழுதிவிடுகிறார். அதற்கு மேலும் ஒரு கேள்வி: குற்றம் என்பது யார் கருத்து? கவிஞனுடையதா, ஊராருடையதா, சத்தியத்தை மீறியதாகத் தன்னையே நொந்துகொள்ளும் டைடோவுடையதா? ஈனியாஸைப் பற்றிப் பேசும்போது அந்த இடத்தில் அந்தச் சொல் வரவே இல்லை. இதைக் கவனித்துச் சொல்லும் மாணவிக்கு நல்ல மதிப்பெண் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கதை தெரிந்ததுதான். தேவர்கள் கட்டளையிடுகிறார்கள், இத்தாலிக்குப் போய் ரோம இனத்துக்கு வித்திட வேண்டியவன் கப்பலைக் கிளப்புகிறான். அவள் அவன் விட்டுப்போன வாளால் சிதைமேல் உயிரை விடுகிறாள். காவியம் முழுவதும் இப்படியே. முதல் மனைவி கிரெயூஸா ட்ராய் நகரின் தீயில் தொலைந்து, ஆவியாக வந்து விடைகொடுக்கிறாள். வீராங்கனை கமில்லா போர்க்களத்தில் விழுகிறாள். லவீனியாவின் தாய் அமாட்டா தூக்கில் தொங்குகிறாள். ஈனியாஸ் மணக்கப்போகும் லவீனியாவோ சுமார் 9,900 அடிகள் கொண்ட காவியத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஒருமுறை அழுது முகம் சிவக்கிறாள், அவ்வளவுதான். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 2008-ல் 'லவீனியா' நாவலில் அவளைப் பேச வைத்தார். அவளுக்கு வாய் திறக்க இரண்டாயிரம் ஆண்டு ஆனது.

கட்டிவிடப்பட்ட காதல்

இதில் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. டைடோவும் ஈனியாஸும் சந்தித்திருக்கவே முடியாது.

பழைய கணக்குப்படி ட்ராய் விழுந்தது கி.மு. 1184, கார்த்தேஜ் நிறுவப்பட்டது கி.மு. 814. இடையில் 370 ஆண்டுகள். வர்ஜிலுக்கு முந்திய மரபில் டைடோ கதையில் ஈனியாஸ் கிடையாது. சகோதரன் தன் கணவனைக் கொன்றதும் ஆட்களோடும் பொன்னோடும் கடல் கடந்து ஆப்பிரிக்கா வந்தாள். ஒரு மாட்டுத் தோல் பரப்புள்ள நிலம் கேட்டு, தோலைக் கீற்றுக் கீற்றாக அறுத்து ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாள். உள்ளூர் அரசன் மணந்துகொள், இல்லையேல் போர் என்றபோது, இறந்த கணவனுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் சிதையில் உயிரை விட்டாள். லத்தீனில் ஜஸ்டின் எழுதிய வரலாற்றுச் சுருக்கத்தில் இருப்பது இந்த டைடோதான். கிறிஸ்தவ எழுத்தாளர் டெர்ட்டுல்லியன் கற்புக்கு உதாரணமாகக் காட்டியதும் இவளையே. பின்னாளில் பெட்ரார்க்கும் இவள் பக்கம் நின்று வாதாடினார்.

பிறகு எதற்காகச் சேர்த்துவைத்தார்கள்? காரணம் அரசியல். ரோமுக்குப் பெரும் எதிரி கார்த்தேஜ். மூன்று போர்களுக்குப் பின் கி.மு. 146-ல் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தப் பகைக்கு ஒரு தொடக்கக் கதை தேவைப்பட்டது. சாகும்போது டைடோ இடும் சாபம் அதைத் தருகிறது. இன்னொன்று, வர்ஜில் ஈனியட்டைத் தொடங்கும்போது எகிப்து அரசி கிளியோபாட்ரா இறந்து ஓரிரு ஆண்டுதான் ஆகியிருந்தது. ரோமத் தலைவன் ஒருவனைக் கடமையிலிருந்து இழுக்கும் ஆப்பிரிக்க அரசி என்றதும் அன்றைய வாசகர்களுக்கு யார் முகம் தெரிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கவிதை அரசியலுக்கு அடங்கவில்லை. கடமை வென்றது என்று காட்ட எழுதிய இடத்தில் வாசகர்கள் அவள் பக்கம் போய்விட்டார்கள். காவியத்தில் அதிகம் படிக்கப்படும் பகுதி இந்தக் காதல்தான் என்று ஓவிட் பேரரசர் அகஸ்டஸுக்கே எழுதினார். வட ஆப்பிரிக்காவில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது டைடோவுக்காக அழுததாகப் புனித அகஸ்டின் தன் வாழ்க்கைக் கதையில் வருத்தப்படுகிறார். தன் ஆன்மாவுக்காக அழாமல் அவளுக்காக அழுதேனே என்பது அவர் வருத்தம்.

பெண் வேடம் கட்டிய பையன்கள்

அகஸ்டின் இன்னொன்றும் சொல்கிறார். ஈனியாஸைத் தடுக்க முடியாத ஆத்திரத்தில் ஜூனோ தேவி என்ன பேசியிருப்பாள் என்று வசனத்தில் பேசிக்காட்டும் போட்டி பள்ளியில் நடந்தது. அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. ரோமக் கல்வியில் இது வழக்கமான பயிற்சி. நாளை வழக்கறிஞராகவும் அதிகாரியாகவும் ஆகப்போகிற பையன்கள், துயரப்படும் புராணப் பெண்களின் குரலில் பேசிப் பழகினார்கள்.

கி.மு. 43-ல் பிறந்த ஓவிட்டும் இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர். இந்தப் பின்னணியிலிருந்து வந்தது 'ஹெராய்டெஸ்', அதாவது நாயகிகள். தன்னை விட்டுப்போன ஆணுக்குப் புராணப் பெண்கள் எழுதும் கடிதங்கள். தனிக் கடிதங்கள் 15. ஆணும் பெண்ணுமாக எழுதிக்கொள்ளும் இரட்டைக் கடிதங்கள் மூன்று சோடி. பெனலோப்பி முதலில்; டைடோ ஏழாவது; அரியாட்னி பத்தாவது; மெடியா பன்னிரண்டாவது. பதினைந்தாவதான சாஃபோவின் கடிதம் ஓவிட் எழுதியதுதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள்.

காவியங்கள் ஓரமாகத் தள்ளியவர்களை ஓவிட் நடுவில் உட்கார வைத்தார். போர்க்கைதியான பிரிஸெய்ஸ், தன் கிரேக்கம் சரியில்லை, அந்நியக் கை எழுதியது என்று மன்னிப்புக் கேட்டபடி அகிலஸுக்கு எழுதுகிறாள். வர்ஜிலின் டைடோ, மடியில் கொஞ்ச ஒரு குட்டி ஈனியாஸாவது இருந்திருக்கலாமே என்கிறாள். ஓவிட்டின் டைடோ, குழந்தை வயிற்றிலேயே இருக்கலாம் என்று கோடி காட்டுகிறாள். அவ்வளவு சின்ன மாற்றத்தில் ரோமைத் தோற்றுவித்தவன் தலையில் இரண்டு சாவு விழுகிறது.

இது பெண் குரலா, பெண் வேடம் கட்டிய ஆண் குரலா? இந்தக் கேள்வி கடந்த ஐம்பது ஆண்டுகளில்தான் வகுப்பறைக்குள் பலமாக வந்திருக்கிறது. காரணம் எளிது. அதற்கு முன் வகுப்பில் பெண்கள் அரிது. உலகிலேயே டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் எனப்படும் எலினா கொர்னாரோ பிஸ்கோப்பியா, வட இத்தாலியின் பாதுவாவில் 1678-ல் தேர்வுக்கு உட்கார்ந்தார். லத்தீனில் பேசித் தேறினார். அவருக்குப் பிறகு பெண்களுக்குக் கதவு திறந்துவிடவில்லை. நெடுங்காலம் மூடியே இருந்தது. பையன்கள் அரியாட்னியாக நடித்துக் கைதட்டல் வாங்கிய வகுப்பில் இன்று பெண்கள் நிறைந்திருக்கிறார்கள் என்பது இந்தப் பாடத்தின் வரலாற்றிலேயே பெரிய மாற்றம்.

பறவையில்லாத ஏரி

நேப்பிள்ஸுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் குமாய். மேற்கே கிரேக்கர் குடியேறிய மிகப் பழைய ஊர்களில் ஒன்று. குன்றுக்குள் குடைந்த சுமார் 130 மீட்டர் நீளப் பாதையில், பக்கவாட்டுத் திறப்புகள் வழியாக வெளிச்சம் பட்டை பட்டையாக விழுகிறது. 1932-ல் இதைக் கண்டுபிடித்த அகழாய்வாளர் மையூரி, குறிசொல்லும் சிபிலின் குகை இதுதான் என்றார். ராணுவத்துக்காக வெட்டிய பாதையாக இருக்கலாம் என்கிறார்கள் பின்வந்தவர்கள். பயணிகளுக்கு இன்றும் அது சிபிலின் குகைதான். கையளவு மண்ணில் எத்தனை துகளோ அத்தனை ஆண்டு ஆயுள் கேட்டு, இளமை கேட்க மறந்தவள் சிபில். உடல் வற்றி வற்றிக் கடைசியில் குரல் மட்டும் மிஞ்சும் என்று ஓவிட்டிடம் அவளே சொல்கிறாள்.

அவள் வழிகாட்ட, ஈனியாஸ் பாதாளத்துக்குள் இறங்கியது பக்கத்திலிருக்கும் அவெர்னோ ஏரிக்கரையில். எரிமலை வாயில் தேங்கிய நீர். நச்சுக் காற்றால் பறவை பறக்காது என்று பழையவர்கள் பெயருக்கு விளக்கம் சொன்னார்கள். இன்று கரையில் திராட்சைத் தோட்டமும் உணவகமும் இருக்கின்றன. நீரில் பறவைகளும் உண்டு. வர்ஜில் காலத்திலேயே இது பயமுறுத்தும் இடமாக இல்லை. கி.மு. 37 வாக்கில் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா கால்வாய் வெட்டி இதைக் கடற்படைத் துறைமுகமாக்கினார். கப்பல் கட்டும் தளத்தைத்தான் கவிஞர் நரகத்தின் வாசலாக்கினார். பூமி மட்டும் அடங்கவில்லை. இந்த வட்டாரமே உறங்காத எரிமலை. 2024-லும் 2025-லும் ரிக்டர் 4-ஐத் தாண்டிய நிலநடுக்கங்கள் பக்கத்து ஊரான பொட்ஸுவோலியைத் தெருவுக்கு விரட்டின.

ஆறாம் காண்டத்தில் பாதாளத்தின் துயர வெளியில், காதலால் அழிந்த பெண்கள் நடுவே ஈனியாஸ் டைடோவைப் பார்க்கிறான். அழுகிறான். விருப்பத்தோடு உன்னை விட்டுப் போகவில்லை என்கிறான். நான்காம் காண்டத்தில் அத்தனை பேசியவள் இங்கே ஒரு சொல் பேசவில்லை. கண்ணைத் தரையில் நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் கணவன் இருக்கும் சோலைக்குள் போய்விடுகிறாள். கட்டளையை நிறைவேற்றிய வீரன் பதில் கிடைக்காமல் நிற்கிறான். நாயகிகள் எல்லோரையும் பேசவைத்த ஓவிட் ஒரு வழி காட்டினார் என்றால், பேச மறுக்கும் உரிமையை ஒருத்திக்குக் கொடுத்த வர்ஜில் வேறொரு வழி காட்டினார். எது அவளுக்கு அதிக மரியாதை? தேர்வு மேஜையில் இதற்கு ஒரே விடை கிடையாது.

வர்ஜிலும் இந்த ஊர் மண்ணில்தான். கி.மு. 19-ல் பிரிண்டிஸியில் இறந்தவரை நேப்பிள்ஸுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். மெர்கெலினா ரயில் நிலையத்துக்கு அருகே அவர் சமாதி என்று காட்டும் கல்லறை இருக்கிறது. காவியம் முடியவில்லை, எரித்துவிடுங்கள் என்றது அவர் கடைசி விருப்பம். அகஸ்டஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டைடோ இரண்டாம் முறையும் தீயில் போயிருப்பாள்.

யவனர் வீட்டு யக்ஷி

நாயகிகளின் வரிசையில் இந்தியாவிலிருந்து போன ஒருத்தியும் இருக்கிறாள். 1938-ல் பாம்பெயில் கிடைத்த தந்தச் சிற்பம். ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரம். நகைகள் தவிர உடலில் ஏதுமில்லாத பெண், இரு பக்கமும் சிறு பணிப்பெண்கள். முதலில் லட்சுமி என்றார்கள். இப்போது யக்ஷி என்பவர்கள் அதிகம். அருங்காட்சியகத்தில் அவளும் இருக்கிறாள். மிளகுக்காக யவனர் கப்பல்கள் முசிறிக்கு வந்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கிழக்கத்திய சரக்கு வந்திறங்கிய ரோமத் துறைமுகங்களில் ஒன்று, அவெர்னோவுக்குப் பக்கத்திலிருக்கும் பொட்ஸுவோலி. மெடியாவைச் சுவரில் தீட்டிவைத்த ஊரில் ஒரு வீட்டில் இந்தியப் பெண் இருந்தாள். அவள் கதை என்ன என்று எழுத அங்கே ஓவிட் இல்லை.

நாயகிகளின் வருகை இன்னும் நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் பாம்பெய் அகழ்வில் கறுப்புச் சுவர் கொண்ட விருந்து அறை வெளிப்பட்டது. ஹெலனும் பாரிஸும் முதல்முறை சந்திக்கும் காட்சியும், அபோலோவோடு கஸாண்ட்ராவும் அதில் இருக்கிறார்கள். எதிர்காலம் தெரிந்தும் யாரும் நம்பாத சாபம் பெற்றவள் கஸாண்ட்ரா. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சிறிய வீட்டில் ஃபீட்ரா கிடைத்தாள். பாடத்திட்டம் எழுதிய பிறகும் மண்ணுக்குள்ளிருந்து படம் வந்துகொண்டிருக்கும் பாடம் வேறு எதுவும் உண்டா தெரியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் மேஜை

இன்றைய சண்டை ஓவிட்டின் 'மெட்டமார்ஃபஸிஸ்' பற்றியது. உருமாற்றக் கதைகளின் அந்தக் களஞ்சியத்தில் தேவர்கள் பெண்களைத் துரத்தும் கதைகள் ஏராளம். 2015-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள், இந்தக் கதைகளின் கவிதை அழகை மட்டும் பேசும் வகுப்பு, அதுபோன்ற கொடுமையை அனுபவித்த மாணவியை என்ன செய்யும் என்று மாணவர் பத்திரிகையில் கேட்டார்கள். உலகம் முழுக்க விவாதம் மூண்டது. இலக்கியத்துக்குத் தணிக்கையா என்றது ஒரு தரப்பு. நீக்கச் சொல்லவில்லை, பெயர் சொல்லிப் படியுங்கள் என்றது மறு தரப்பு.

பிரச்னையின் வேர் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. லத்தீனில் பலாத்காரம் என்று தெளிவாக உள்ள இடங்களைப் பழைய மொழிபெயர்ப்புகள் பல 'கவர்ந்தான்', 'இன்பம் கண்டான்' என்ற வகையில் மெழுகிவைத்தன. 2022-ல் ஸ்டெஃபனி மெக்கார்ட்டர் ஆங்கிலத்தில் வெளியிட்ட புது மொழிபெயர்ப்பு அந்த மெழுகைச் சுரண்டி எடுத்தது. தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 'கற்பழிப்பு' என்று எழுதிவந்த தமிழ்ப் பத்திரிகைகள், அந்தச் சொல் பாதிக்கப்பட்டவள் கணக்கிலேயே இழப்பை எழுதுகிறது என்று உணர்ந்து 'பாலியல் வன்கொடுமை'க்கு மாற எத்தனை காலம் ஆனது! சொல் மாறினால் குற்றவாளி மாறுகிறான்.

ஓவிட்டுக்கு இது தெரிந்தே இருந்தது என்று வாதிட இடமுண்டு. அவருடைய ஃபிலொமிலாவின் நாக்கை, அவளைச் சீரழித்த அரசன் அறுத்துவிடுகிறான். அவள் தறியில் உட்கார்ந்து, நடந்ததைத் துணியில் நெய்து அக்காளுக்கு அனுப்புகிறாள். நாக்கில்லாதவளும் சாட்சி சொல்லலாம். படிக்கத் தெரிந்த இன்னொருத்தி வேண்டும். லத்தீன் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, அந்த இன்னொருத்தியாக ஆவதற்கு என்று சொல்லலாம்.

படிப்பு முடிந்த நாளில் நேப்பிள்ஸ் மாணவி ஆய்வேட்டைப் பற்றிப் பேசி முடித்து வெளியே வருகிறாள். வீட்டார் அவள் தலையில் இலைக் கிரீடம் வைக்கிறார்கள். இத்தாலி முழுக்க உள்ள வழக்கம். இலை லாரல். பட்டத்துக்கு இத்தாலியில் பெயரே 'லாரியா'. அபோலோ துரத்த ஓடி, இனி ஓட முடியாது என்ற நிலையில் தந்தையிடம் கெஞ்சி மரமாகிப்போன டாஃப்னியின் இலை அது. மரமான பிறகும் அபோலோ விடவில்லை. மனைவியாக முடியாவிட்டால் என் மரமாகவாவது இரு என்று கிளையை ஒடித்துத் தலையில் சூடிக்கொண்டான். மரம் உச்சியை அசைத்தது. அது சம்மதம்போல் தெரிந்தது என்று எழுதினார் ஓவிட். தெரிந்தது என்றுதான், சம்மதித்தாள் என்று எழுதவில்லை.

அந்த ஒரு சொல்லின் வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் ஐந்தாண்டுப் படிப்பு.